வெளி மாவட்ட கெம்பஸுக்கு போறப்போ நம்ம ஆளுங்க விடுற பிழைகள்

ஏ.எல் ரிசல்ட்டும் வந்து, கெம்பஸுக்கு எடுக்கப் பாக்கிற இசட் ஸ்கோரும் வந்து, யாழ்ப்பாண கெம்பஸோ வந்தாறுமூலைல இருக்கிற கிழக்குப் பல்கலைக்கழகமோ கெடச்சிருச்சுன்னா தேயிலைத் தோட்டத்து லயத்துல எல்லாரும் சொல்றது "கவர்மென்ட் கெம்பஸ்தானே, செலவே இல்ல". மொத பிழை இதுதான். படிக்க கட்டணம் இல்ல, சரி, போர்டிங், சாப்பாடு, பஸ், லெப்டொப் எல்லாம் யாரு குடுப்பா?

அடுத்தது கெம்பஸ் புள்ளைகளுக்கு குடுக்கிற மகாபொல உதவிப்பணத்த நம்பி கணக்கு போடுறது. 2025ல அத மாசம் 7,500 ரூபா ஆக்கினாங்க, மகாபொல கெடைக்காதவங்களுக்கு குடுக்கிற பர்சரி 6,500. நல்ல விஷயந்தான், ஆனா லிஸ்ட் வந்து பேங்க் விபரம் குடுத்து அது இதுன்னு இழுத்து கைக்கு வர மாசக்கணக்காகும், போர்டிங்காரர் அட்வான்ஸ மொத நாளே கேப்பாரு. அதனால மொத நாலு மாசத்துக்கு மகாபொலயே இல்லன்னு நெனச்சு காசு சேருங்க. சில வீட்டுல ஈ.பி.எஃப்ல, அதாவது சம்பளத்துல புடிச்சு சேக்கிற சேமலாப நிதில, 30 வீதம் எடுக்கலாம்னு தைரியமா இருப்பாங்க, அது வீட்டுக்கும் வைத்தியச் செலவுக்கும்தான், படிப்புக்கு கெடைக்காது. கடைசில அம்மாவோட தோடு அடகுக்கு போகும்.

மகாபொல, பர்சரிக்கு குடுக்கிற வருமானக் கடிதத்துலயும் கவனம் வேணும். கொழுந்து நல்லா இருக்கிற மாசம் 25 பேர், அதாவது 25 நாள் சம்பளம், விழும், வறட்சில அதுல பாதி கூட விழாது, நம்மாளுங்க கைக்கு கெடச்ச ஒரு சம்பளத் துண்ட, அதுவும் தீபாவளி அட்வான்ஸ் சேர்ந்ததா இருக்கும், அதத் தூக்கிட்டு ஜி.எஸ், அதாவது கிராம சேவகர் கிட்ட போயிருவாங்க. தோட்டத்து ஒபிஸ்ல முழு வருஷத்துக்கும் கடிதம் கேளுங்க. கூடப்பொறந்தவங்க படிக்கிறாங்கன்னா அந்த ஸ்கூல் கடிதமும் வைங்க.

எந்த கெம்பஸ்னு தெரிவு போடுறப்போ ரோட்டையும் பாருங்க. பதுளைப் புள்ளைக்கு பிபிலை, மகாஓயா வழியா ஏ5 ரோடு செங்கலடிக்கே போகுது, வந்தாறுமூலை அதுக்குப் பக்கம். யாழ்ப்பாணம்னா கண்டி போய் மாறி வவுனியா தாண்டி ராத்திரி முழுக்க பஸ்தான். பாடம் நல்லதுன்னா தாராளமா போங்க, நான் வேணாங்கல, ஆனா தீபாவளி, பொங்கல், சித்திரை, வீட்டு விசேஷம் எல்லாத்துக்கும் வந்து போற காச மொதல்லயே போட்டுப் பாருங்க. ஹட்டன்ல இருந்து பேராதனைக்கு தினம் போய் வரலாம்னு நெனைக்கிறதும் வேணாம், ரெண்டே வாரத்துல உடம்பு படுத்துரும்.

மொத வருஷம் ஹொஸ்டல் கெடச்சா நாலு வருஷமும் இருக்கும்னு நெனைக்காதீங்க. நடுவுல வெளிய போர்டிங் பாக்க வேண்டி வரலாம், அப்போ வாடகையோட கரண்ட் பில் சேர்ந்ததா தனியான்னு கேட்டுருங்க, ஏன்னா நுவரெலியா குளிர்ல வளந்த புள்ளைக்கு மட்டக்களப்புல ராத்திரி பகலா ஃபேன் ஓடும்.