பாயிண்டருக்குள் டேக்: எந்த பிட்டைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது

நினைவக முகவரியை வைத்திருக்கும் பாயிண்டர் 64 பிட் அகலம் என்றாலும் முகவரிக்கு அத்தனையும் தேவைப்படுவதில்லை. மிச்ச பிட்டுகளில் "இது எண்ணா, சரமா, பட்டியலா" என்ற சின்னக் குறிப்பை, அதாவது டேக்கை, எழுதிவிட்டால், அதற்குத் தனி ஃபீல்டு வேண்டாம். லிஸ்ப், ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சின்கள் பலவும் செய்வது இதுதான். சி மொழியில் செய்துபார்ப்போம்.

படி 1. இடம் இருக்கிறதா என்று பாருங்கள். 64 பிட் லினக்ஸில் ஜிலிப்சி என்ற சி நூலகத்தின், நினைவகம் ஒதுக்கும் மால்லாக் ஃபங்ஷன் தரும் முகவரி 16-ஆல் வகுபடும். ஆகவே கடைசி 4 பிட்டும் பூஜ்ஜியம். 0 முதல் 15 வரையான டேக் அதில் அடங்கும்.

படி 2. பாயிண்டரை, அதே அகலமுள்ள குறியில்லா முழு எண்ணாக மாற்றுங்கள். கடைசி 4 பிட்டும் காலிதானா என்று அசர்ட் (பொய்யானால் புரோகிராமை நிறுத்தும் சோதனை) வைத்துவிட்டு, டேக்கைப் பிட் வாரியாக ஆர் செய்யுங்கள். முகவரி 4096, டேக் 5 என்றால் கிடைப்பது 4101.

படி 3. 15-உடன் ஆண்ட் செய்தால் டேக் வரும். 15-இன் பிட்டுகளைத் தலைகீழாக்கி (0-ஐ 1 ஆகவும் 1-ஐ 0 ஆகவும்) ஆண்ட் செய்தால் முகவரி வரும். இங்கே கவனம் தேவை: 15-ஐ 32 பிட் குறியில்லா எண்ணாக வைத்துத் தலைகீழாக்கினால் முகவரியின் மேல்பாதி அழிந்துவிடும். முதலில் 64 பிட்டாக்குங்கள்.

படி 4. சேர்க்க ஒரு ஃபங்ஷன், பிரிக்க ஒன்று. வேறெங்கும் பிட் கணக்கு இருக்கக் கூடாது. நினைவகத்தை விடுவிக்கும் ஃப்ரீ-க்கு டேக் நீக்கிய முகவரியையே கொடுங்கள்.

மேல் பிட்டுகளும் காலியாகத்தானே இருக்கின்றன என்று தோன்றும். அவற்றைத் தொடாதீர்கள். கீழ் பிட்டுகள் காலி என்பது மால்லாக் தரும் உறுதி. மேல் பிட்டுகள் காலி என்பது இன்றைய ப்ராசஸரின் நிலைமை மட்டுமே.

ஆப்பிள் மெக்கின்டாஷ் இதற்குக் கொடுத்த விலை பெரிது. மோட்டோரோலா 68000 ப்ராசஸர் 24 பிட் முகவரியையே வெளியே அனுப்பும். அதனால் "பூட்டப்பட்டது", "நீக்கலாம்" போன்ற கொடிகளை மேல் 8 பிட்டில் வைத்தார்கள். 1987-இல் மெக்கின்டாஷ் 2 வந்தபோது அதன் 68020 ப்ராசஸருக்கு 32 பிட்டும் முகவரிதான். அப்போதும் அந்தக் கணினியின் ரோம் பழைய வழக்கத்தை விடவில்லை. 1991-இல் சிஸ்டம் 7 இயங்குதளம் முழு 32 பிட் முகவரிக்கு வழி திறந்தபோது, அந்த ரோமும் பல மென்பொருள்களும் அதற்குத் தயாராக இல்லை.

எக்ஸ்86-64-இலும் அதே ஆபத்து உண்டு. அங்கே 48 பிட் முகவரி இன்டெலின் ஐந்தடுக்குப் பேஜிங்கில் (முகவரியை நினைவக இடமாக மாற்றும் முறை) 57 ஆனது. மேல் பிட்டில் தகவல் ஒளிக்கும் புரோகிராம்கள் உடையாமலிருக்க, புரோகிராம் கேட்டால் மட்டுமே லினக்ஸ் 47 பிட்டுக்கு மேலான முகவரியைத் தருகிறது. ஆண்ட்ராய்டு 11, 64 பிட் ஆர்ம் கருவிகளில் ஹீப் (மால்லாக் ஒதுக்கும் நினைவகம்) பாயிண்டரின் மேல் பைட்டில் தன் டேக்கையே வைக்கிறது. அதை அழித்துவிட்டு ஃப்ரீ செய்தால் ஆப் நின்றுவிடும்.

கடைசியாக, நினைவகப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் வால்கிரைண்ட் கருவியில் ஓட்டிப் பாருங்கள். டேக் போட்ட பாயிண்டர் பிளாக்கின் நடுவைக் காட்டுவதால், உயிரோடிருக்கும் நினைவகத்தையும் "தொலைந்திருக்கலாம்" என்று அது சொல்லக்கூடும். அதைக் கசிவு என்று எண்ணித் திருத்தப் போகாதீர்கள்.