காம்ப்சோக்னாதஸைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன், ஜுராசிக் காலத்தின் பிற்பகுதியில் ஐரோப்பாவில் வாழ்ந்த மெலிந்த ஊனுண்ணி டைனோசரான காம்ப்சோக்னாதஸைக் "கோழியளவு டைனோசர்" என்று எழுதிவிடுவது வழக்கமாகிவிட்டது. ஜெர்மனியின் பவேரியாவில் கிடைத்து, 1859இல் தொல்லுயிரியலாளர் யோஹான் ஆந்திரேயாஸ் வாக்னர் பெயரிட்டு விவரித்த ஒரே ஓர் எலும்புக்கூட்டைக் கொண்டு சொல்லப்பட்ட அளவு அது. அதன் நீளம் சுமார் 89 செ.மீ., அதிலும் பெரும்பகுதி வால். அது முழுமையாக வளராத விலங்காக இருந்திருக்கலாம். 1971இல் தென்கிழக்கு பிரான்சில் கண்டெடுக்கப்பட்ட இரண்டாவது எலும்புக்கூடு சுமார் 1.25 மீட்டர் நீளம் கொண்டது. ஆகவே அளவைச் சொல்லும்போது எந்த எலும்புக்கூட்டைக் குறிக்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்வதே முறை. "உலகின் மிகச் சிறிய டைனோசர்" என்ற பட்டத்தையும் கைவிட வேண்டும். சீனாவில் கிடைத்த மைக்ரோராப்டர் போன்றவை இதைவிடச் சிறியவை.

பிரான்சு எலும்புக்கூட்டை 1972இல் விவரித்தவர்கள், கைப்பகுதியருகே கல்லில் தெரிந்த தடங்களைத் துடுப்பு என்று கருதி, இது நீந்தும் தனி இனம் என்றே அறிவித்தனர். 1978இல் அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் ஜான் ஆஸ்ட்ரம் அதை மறுத்தார். அவரே, இந்த விலங்குக்குக் கையில் இரண்டு விரல்கள்தாம் இருந்தன என்று கருதியதும் பின்னர் திருத்தப்பட்டது. பழைய படங்களைப் பார்த்து வரைபவர்கள் இன்றும் இரண்டு விரல்களை வரைகிறார்கள். மூன்று என்பதே சரி.

உணவைப் பற்றி ஊகிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஜெர்மன் எலும்புக்கூட்டின் வயிற்றுக்குள் இன்னொரு சிறு எலும்புக்கூடு இருக்கிறது. 1881இல் அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் மார்ஷ் அதைக் கருவென்று எண்ணினார். அது விழுங்கப்பட்ட பல்லி என்று 1903இல் ஹங்கேரியத் தொல்லுயிரியலாளர் நோப்சா கண்டறிந்தார். வேகமாக ஓடும் இரையை இது பிடித்தது என்பதற்கு இது நல்ல சான்று. ஆனால் திரைப்படங்களில் வருவதுபோல் கூட்டமாகச் சேர்ந்து பெரிய இரையைத் தாக்கியது, நஞ்சு கொண்டு கடித்தது என்பவற்றுக்கு எலும்பில் எந்தச் சான்றும் இல்லை.

இறகு விஷயத்தில் இரு பக்கமும் தவறு நேர்கிறது. நெருங்கிய உறவினரான சீனத்துச் சைனோசோரோப்டெரிக்ஸின் உடலில் இழை போன்ற இறகுகள் தெளிவாகப் பதிந்துள்ளன. காம்ப்சோக்னாதஸில் அவ்வாறு கிடைக்கவில்லை. ஆகவே இறகுடன் வரைவது நியாயமான ஊகமே தவிர நிறுவப்பட்ட உண்மை அன்று. இறகே இல்லை என்று அடித்துச் சொல்வதும் பொருந்தாது.

பெயர் ஒத்திருப்பதால் புரோகாம்ப்சோக்னாதஸை இதன் மூதாதையாகக் கொள்வதும் பிழை. அது ஜுராசிக்குக்கு முந்திய டிரயாசிக் காலத்தைச் சேர்ந்த வேறொரு விலங்கு. பறவையினத்தின் தொடக்கத்தில் வைத்துப் பேசப்படும் ஆர்க்கியோப்டெரிக்ஸோடு இதைக் குழப்பிக்கொள்வதை மட்டும் சற்றே மன்னிக்கலாம்: 1951இல் பவேரியாவின் ஐக்ஷ்டெட் நகரருகே கிடைத்த ஆர்க்கியோப்டெரிக்ஸ் எலும்புக்கூடு, மங்கலான இறகுத் தடங்கள் கவனிக்கப்படும் வரை, இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சிறிய காம்ப்சோக்னாதஸாகவே கருதப்பட்டுவந்தது.