நீரைப் பார்த்து எலும்பைக் கோட்டைவிடாதீர்கள்

போன வாரம் ஒரு பி.ஜி. மாணவர் மானிட்டரில் எம்.ஆர்.ஐ.யைத் திறந்து வைத்துக்கொண்டு, "சார், கியாரி ஒன்னு, கூடவே பெரிய சிரிங்ஸ். டீகம்ப்ரஷனுக்குப் போட்டுடலாமா?" என்றார். "குனியவெச்சு எக்ஸ்ரே எடுத்தியாப்பா?" என்றேன். முழித்தார். இருபது வருடத்துக்கு முன்னால் நானும் அதே மாதிரிதான் முழித்தேன். அதனால்தான் நாங்கள் இதில் செய்கிற தவறுகளை ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. சிறுமூளையின் அடிநுனிகள் மண்டையோட்டின் பெருந்துளை வழியாகக் கழுத்துக்குள் 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் இறங்கியிருந்தால் அது கியாரி முதல் வகை. ஹான்ஸ் கியாரி 1891-ல் விவரித்தது. அந்த வாசல் அடைபட்டு மூளைநீரின் போக்கு தடைப்படும்போது, பலருக்குத் தண்டுவடத்துக்குள் நீர் தேங்கிக் குழல்போல் விரிகிறது. அதுதான் சிரிங்ஸ். பின்பக்க எலும்பை எடுத்து அந்த வாசலுக்கு இடம் பண்ணும் ஆபரேஷன்தான் டீகம்ப்ரஷன்.

சுடுவது தெரியாத விரலைத் தொழுநோய் என்று எழுதுவது

சிரிங்ஸில் வலியும் சூடும் போகும், தொடுஉணர்வு நெடுநாள் நிற்கும். பொன்னாடை போர்த்தினால் எங்கெல்லாம் படுமோ அங்கெல்லாம் உணர்வு குறையும். சுத்தியலால் தட்டினால் வரும் ரிஃப்ளெக்ஸ் கையில் வராது, காலில் துள்ளும். தொழுநோயில் நரம்பு தடித்திருக்கும், ரிஃப்ளெக்ஸ் பெரும்பாலும் கெடாது. முழங்கைக்குப் பின்னால் நரம்பைத் தடவிப் பார்க்க அரை நிமிடம் போதும்.

கழுத்து அசைகிறதா என்று பார்க்காமல் கத்தியை எடுப்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான், முதலில் என்மேலேயே.

அவர் ஒரு டீ மாஸ்டர். சட்டைப்பைக்குள் கைவிட்டுப் பார்க்காமலேயே ஒரு ரூபாய் எது, இரண்டு ரூபாய் எது என்று விரலால் பிரித்துத் தருவார். கொதிக்கிற பால் சட்டியைத் தொட்டால் மட்டும் சுடுவது தெரியாது. விரல் நுனியெல்லாம் பழைய கொப்புளத் தழும்பு. கழுத்து கட்டை, சட்டைக் காலர் காது மடலை உரசும், பின்மயிர் காலருக்குள் இறங்கியிருக்கும். கழுத்தெலும்புகள் பிறவியிலேயே ஒட்டிக்கொண்டவர்களுக்கு இப்படித்தான் இருக்கும் என்று 1912-ல் கிளிப்பல், ஃபெயில் என்ற மருத்துவர்கள் சொன்ன கழுத்து அப்படியே எதிரில் உட்கார்ந்திருந்தது. பார்த்தேன், யோசிக்கவில்லை.

எம்.ஆர்.ஐ.யில் அடிநுனி இறங்கியிருந்தது, கழுத்து நெடுக நீர். அந்த வெள்ளைக் கோடு கண்ணை அப்படிப் பறிக்கும். அதற்கு முன்னால் இருக்கிற எலும்பைக் கண் தேடாது. கேஸை எழுதிப் போட்டது நான், உதவிக்கு நின்றதும் நான். பின்பக்க எலும்பை எடுத்து இடம் பண்ணினோம். இருமினால் வரும் தலைவலி நின்றது. எல்லாருக்கும் சந்தோஷம்.

நாலு மாதம் கழித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். கால் விறைப்பு. செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் வெறுங்காலோடு வாசல்வரை வந்திருந்தார். அப்போதுதான் பக்கவாட்டு எக்ஸ்ரே எடுத்தோம், குனிந்து ஒன்று, நிமிர்ந்து ஒன்று. கழுத்தின் முதல் எலும்பான அட்லஸின் முன்வளைவுக்கும், இரண்டாவது எலும்பான ஆக்சிஸிலிருந்து மேலே நீட்டி நிற்கும் பல்முனைக்கும் இடையே பெரியவர்களுக்கு 3 மி.மீ. வரை இருக்கலாம். குனிந்தபோது இவருக்கு 8. நிமிர்ந்ததும் மூடிக்கொண்டது. அட்லஸ் பிறவியிலேயே மண்டையோட்டோடு ஒட்டியிருந்ததால், தலையின் முழு ஆட்டமும் அதற்குக் கீழே உள்ள மூட்டின்மேல் விழுந்திருக்கிறது.

எம்.ஆர்.ஐ. ஏன் காட்டவில்லை? மல்லாக்கப் படுத்தால் கழுத்து லேசாகப் பின்சாயும். நழுவிய எலும்பு நல்ல பிள்ளையாகத் தன் இடத்துக்குப் போய் உட்காரும். ஆடுகிற கழுத்தில் பின்பக்கத் தசையையும் எலும்பையும் வேறு நாங்கள் கழற்றிவிட்டோம். இரண்டாவது ஆபரேஷனில் ஸ்க்ரூ போட்டு இறுக்கினோம். பிளேட் பதிக்கவேண்டிய எலும்பில் பாதியை ஏற்கெனவே நாங்களே எடுத்திருந்ததால் படாத பாடு பட்டோம். நடை ஓரளவு திரும்பியது. நீரும் சுருங்கியது. விரலுக்குச் சூடு மட்டும் இன்றுவரை தெரியவில்லை. துணி சுற்றித்தான் சட்டியைப் பிடிக்கிறார்.

எக்ஸ்ரேக்கு நோயாளியே தன்னால் முடிந்த அளவு குனியவேண்டும். டெக்னீஷியன் தலையைப் பிடித்து அமுக்குவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். செய்யவே கூடாது. கூடவே ஒரு சி.டி.யும் எடுத்து, பல்முனை பெருந்துளைக்கு மேலே ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

1994-ல் அட்லஸையும் ஆக்சிஸையும் பிளேட்-ஸ்க்ரூவால் பிணைக்கும் முறையை எழுதிய மும்பை நரம்பியல் அறுவை மருத்துவர் அதுல் கோயல், பிற்பாடு, நழுவல் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கியாரியின் வேர் இந்த மூட்டின் ஆட்டம்தான் என்று வாதிட்டார். எல்லாருக்கும் ஸ்க்ரூ என்பதைப் பலர் ஏற்கவில்லை. நானும் ஏற்கவில்லை. ஆனால் 'ஆடுகிறதா?' என்ற கேள்வியைக் கேட்காமல் தியேட்டர் லிஸ்ட்டில் பெயர் எழுதுவதை இனி யாரிடமும் பொறுத்துக்கொள்ளமாட்டேன்.

நீர் இருக்கும் இடத்தை மட்டும் படம் எடுப்பது

முதுகில் நீர் தெரிந்தால் மண்டையோட்டு அடியிலிருந்து முழுத் தண்டுவடத்தையும் எடுங்கள். காரணம் பிடிபடவில்லை என்றால் கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றிப் படம் எடுங்கள், கட்டி ஒளிந்திருக்கலாம்.

ரத்தக்குழாய் வழக்கமான இடத்தில் இருக்கும் என்று நம்புவது

கழுத்தெலும்பு வழியாக மூளைக்கு ஏறும் ரத்தக்குழாய், ஒட்டிய அட்லஸில் பல நேரம் அங்கே இருக்காது. ரத்தக்குழாயைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோ பார்க்காமல் ஸ்க்ரூ கிடையாது.

சலூன் சொடக்கு

டீ மாஸ்டர் டிஸ்சார்ஜ் அன்று கேட்டார்: "சார், முடி வெட்டிக்கலாமா?" வெட்டிக்கொள்ளுங்கள் என்றேன், கழுத்தில் மட்டும் கை வைக்க விடாதீர்கள். "அதுக்குத்தான் சார் அந்தக் கடைக்கே போவேன்" என்றார்.