கொங்கு நாட்டிலிருந்து பிரிட்டன் வருகிறவர்களுக்கு: ஊசி, பேர், ஓடிபி

கோவை விமான நிலையத்துக்குக் கிளம்பும் முந்தின ராத்திரி வீட்டில் நடப்பது எல்லோருக்கும் தெரியும். கொள்ளு ஒரு கிலோ, பருப்புப்பொடி, அம்மிச்சி போட்ட நார்த்தங்காய் ஊறுகாய், வழியனுப்ப வந்த ஒரம்பரை திணித்த முறுக்கு. எல்லாவற்றையும் தூக்கித் தூக்கி எடை பார்த்து, பெட்டியை அடைத்து, மேலே ஆள் உட்கார்ந்து ஜிப்பை இழுப்பார்கள். தடுப்பூசிச் சான்றிதழ் எங்கே என்று கேட்டால் மட்டும் ஒரே பதில்: "அது போன்ல இருக்குதுங்."

இங்கே வந்து தேடினால் போனில் இருக்காது. இருந்தாலும் அதில் இருக்கும் பேர் உங்கள் பாஸ்போர்ட்டில் இருக்கும் பேராக இருக்காது. இந்த இரண்டில்தான் பெரும்பாலானவர்கள் மாட்டுகிறார்கள்.

இறங்கும்போது யாரும் சான்றிதழ் கேட்கமாட்டார்கள். பிரிட்டன் கொரோனா பயணக் கட்டுப்பாடுகளை 2022 மார்ச் 18-ல் எடுத்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் சர்வதேச அவசரநிலையை 2023 மே 5-ல் முடித்துக்கொண்டது. கேள்வி வருவது அப்புறம்தான். மருத்துவமனை வேலைக்கும் நர்சிங் படிப்புக்கும் போகிறவர்களிடம் தடுப்பூசி வரலாறு முழுக்கக் கேட்பார்கள்: ஹெபடைட்டிஸ் பி, தட்டம்மை, சின்னம்மை எல்லாம். குழந்தையைக் குடும்ப மருத்துவரிடம் பதியும்போதும் கேட்பார்கள்.

அரசு முறைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விசாவோடு மருத்துவக் கட்டணம் கட்டியிருப்பீர்கள். பெரியவர்களுக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு, மாணவர்களுக்கு 776 என்று 2024 பிப்ரவரியில் ஏற்றினார்கள். கட்டினால் மட்டும் போதாது. வந்த வாரமே வீட்டுக்குப் பக்கத்து ஜிபி-யில், அதாவது குடும்ப மருத்துவர் நிலையத்தில் பதியுங்கள். என்ஹெச்எஸ், அதாவது இங்குள்ள அரசு மருத்துவச் சேவையின் 10 இலக்க எண் வரும். அதை வைத்து என்ஹெச்எஸ் செயலியைத் திறந்துகொள்ளுங்கள். இங்கிலாந்தில் ஜிபி பதிவுக்கு முகவரிச் சான்றோ விசாவோ கட்டாயம் இல்லை. முன்மேசையில் இருப்பவர் முகவரி காட்டும் ரசீது இல்லாமல் முடியாது என்பார். அது விதியில் இல்லை என்று பதமாகச் சொல்லுங்கள். அறை வாடகைக்கு இருப்பவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே ஆறு மாதம் பதியாமல் கிடக்கிறார்கள். அறை மாறினால் ஜிபி-யிலும் முகவரியை மாற்றுங்கள். கடிதமெல்லாம் பழைய வீட்டுக்கே போய்க்கொண்டிருக்கும்.

இனி பேர் விஷயம். நம் ஊரில் பேருக்கு முன்னால் ஒன்றோ இரண்டோ இனிஷியல். சிலருக்கு ஊர், சிலருக்கு அப்பாரு (தாத்தா), எல்லோருக்கும் அப்பா. கே.பி. செந்தில்குமார் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். ஆதாரில் 'செந்தில்குமார் பி'. இந்தியப் பாஸ்போர்ட் இனிஷியலை ஏற்காது, விரிக்கச் சொல்லும். அதனால் அங்கே குடும்பப்பேர் 'பழனிசாமி', சொந்தப்பேர் 'செந்தில்குமார்'. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் அதே அப்பா பேர் இங்கிலீஷில் வேறு எழுத்துக்கூட்டலோடு நிற்கும். சாமியில் டபிள்யூ உண்டா இல்லையா என்பதில் கொங்கு நாட்டில் வீட்டுக்கு வீடு வழக்கம் வேறு. இந்திய அரசின் கொரோனா தடுப்பூசித் தளமான கோவின் தந்த சான்றிதழோ முகாமில் காட்டிய அட்டையில் இருந்ததை அப்படியே எடுத்துக்கொண்டது.

ஊரில் இது யாருக்கும் உறைக்காது. இங்கே உங்களைத் தேடுவது கணினி. பேர், பிறந்த தேதி, அஞ்சல் குறியீடு மூன்றும் பொருந்தினால்தான் அது உங்கள் பதிவைக் கண்டுபிடிக்கும். ஊசி போடும் இடத்தில் தன்னார்வலர் "குடும்பப்பேர்?" என்பார். "செந்தில்குமார்" என்று வாயில் வந்துவிடும், ஏனென்றால் நம் பேர் அதுதானே! அடுத்தமுறை வேறொரு மருந்துக்கடையில் ஒழுங்காக "பழனிசாமி" என்பீர்கள். இப்போது கணினிக்குள் இரண்டு பேர், ஆளுக்கு ஒரு ஊசி. இரண்டாவது ஊசி என்ஹெச்எஸ் செயலியில் ஏறவே ஏறாது.

பிறந்த தேதியிலும் இதே வம்பு. ஜூனில் பள்ளியில் சேர்ப்பதற்காக வாத்தியார் போட்டுக்கொடுத்த தேதி ஒன்று, ஜாதகத்தில் இருப்பது இன்னொன்று. இங்கே பாஸ்போர்ட்டில் இருப்பது மட்டும்தான் பிறந்த தேதி. உடம்பு முடியாத நேரத்தில், போனில் அவசரமாகக் கேட்கும்போது நிஜத் தேதி வாயில் வந்துவிடுகிறது.

செய்ய வேண்டியது சின்ன வேலை. ஒரு அட்டையில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே குடும்பப்பேர், சொந்தப்பேர், பிறந்த தேதி, என்ஹெச்எஸ் எண், இப்போதைய அஞ்சல் குறியீடு, இந்த ஐந்தையும் எழுதிப் பணப்பையில் வையுங்கள். கேட்டால் வாயால் சொல்லாமல் அட்டையை நீட்டுங்கள். ஊசி போட்ட மருந்தின் பேரும் பேட்ச் எண்ணும் எழுதிய சீட்டுக் கொடுத்தால் தூக்கிப் போடாதீர்கள். சில நாள் கழித்துச் செயலியில் பாருங்கள். ஏறவில்லை என்றால் முதலில் ஊசி போட்ட இடத்துக்கே போய்ச் சீட்டைக் காட்டித் திருத்தச் சொல்லுங்கள். பதிவு இல்லையே என்று இன்னொரு ஊசி போட்டுக்கொள்ள வேண்டாம்.

இந்த எச்சரிக்கை சும்மா பயமுறுத்தல் மாதிரித் தெரிந்தால் 2021-ஐ நினைத்துப் பாருங்கள். அந்த மே மாதக் கடைசியில் தினசரித் தொற்றில் கோவை சென்னையையே தாண்டிய நேரம். அஸ்ட்ராஜெனகா ஊசியின் இந்தியத் தயாரிப்பான கோவிஷீல்டின் இரண்டாம் ஊசிக்கான இடைவெளியை மே 13-ல் 12 முதல் 16 வாரமாக நீட்டினார்கள். படிக்கவும் வேலைக்கும் வெளிநாடு போகிறவர்கள் செப்டம்பருக்குள் எப்படிப் போவது? ஜூனில் அவர்களுக்கு மட்டும் 28 நாள் கழித்துப் போடலாம் என்று விலக்கு வந்தது, சான்றிதழில் பாஸ்போர்ட் எண்ணைச் சேர்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஆனால் கோவினில் பேரைத் திருத்த ஒரே ஒரு வாய்ப்புதான். அந்த ஒன்றையும் இனிஷியலை முன்னாலிருந்து பின்னால் தள்ளுவதில் செலவழித்தவர்கள் உண்டு. ஆதாரை ஒருமுறையும் வாக்காளர் அட்டையை மறுமுறையும் காட்டியவர்களுக்கு இரண்டு 'முதல் தவணை'ச் சான்றிதழ் வந்தது. அதைச் சேர்க்கவே கோவினில் தனியாக ஒரு வசதி வைக்க வேண்டியதாயிற்று.

பிரிட்டன் அந்தச் செப்டம்பர் 22-ல் கோவிஷீல்டை ஏற்றது. இந்தியச் சான்றிதழை ஏற்கவில்லை! ஊசி சரி, காகிதம் சரியில்லை என்றார்கள். சான்றிதழில் வயது மட்டும் இருந்தது, முழுப் பிறந்த தேதி இல்லை. பிறகு அதையும் சேர்த்தார்கள். அக்டோபர் 11-லிருந்துதான் தனிமைப்படுத்தல் இல்லாமல் வர முடிந்தது. கோவாக்சின் போட்டவர்கள் நவம்பர் 22 வரை காத்திருந்தார்கள். இந்தியாவில் தயாரான அஸ்ட்ராஜெனகா ஊசியைப் பிரிட்டனிலேயே போட்டுக்கொண்ட வெள்ளைக்காரர்களும் தப்பவில்லை. 4120 இசட் என்று தொடங்கும் பேட்ச் எண்ணைப் பார்த்து அந்த ஜூலையில் மால்டா அவர்களை விடவில்லை. கொஞ்சம் ஆறுதல்தான்.

இப்போது கொரோனா ஊசி யாருக்கு? 2025 இலையுதிர்காலச் சுற்றில் இங்கிலாந்தில் 75 வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள், முதியோர் இல்லத்தில் இருப்பவர்கள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள், அவ்வளவுதான். முப்பது வயது ஐடி ஆளுக்கு இலவசம் இல்லை. பணம் கட்டித்தான் மருந்துக்கடையில் போட வேண்டும். ஃப்ளூ ஊசி இதைவிட அதிகம் பேருக்குக் கிடைக்கும். ஆஸ்துமா, சர்க்கரை இருந்தால் ஜிபி-யில் சொல்லிவையுங்கள். கர்ப்பிணிகளுக்கு ஃப்ளூவோடு கக்குவான் ஊசியும், 28 வாரத்திலிருந்து ஆர்எஸ்வி என்ற நுரையீரல் தொற்று வைரஸுக்கான ஊசியும் உண்டு.

குழந்தைக்கு ஊரில் ஒன்பதாம் மாதம் எம்ஆர், அதாவது தட்டம்மை-ருபெல்லா ஊசி போட்டிருப்பீர்கள். ஒரு வயதுக்கு முன் போட்ட தட்டம்மை ஊசியை இங்கே கணக்கில் எடுக்கமாட்டார்கள். எம்ஆரில் பொன்னுக்குவீங்கிக்கான மருந்தும் இல்லை. அதனால் திரும்பப் போடச் சொல்வார்கள். சண்டை பிடிக்க வேண்டாம், கூடுதலாகப் போடுவதால் கெடுதல் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்து அட்டை தமிழில் இருந்தால் கிளம்பும் முன்பே டாக்டரிடம் ஊசி பேர், தேதி எல்லாவற்றையும் இங்கிலீஷில் எழுதி முத்திரை வாங்குங்கள். 'மூணு மாச ஊசி' என்று எழுதியிருந்தால் இங்கே நர்சுக்கு ஒன்றும் விளங்காது.

உடம்பு சுகமில்லாமல் போனால் ஊர் வழக்கம் இங்கே நடக்காது. மெடிக்கலில் போய் நின்று ஆன்டிபயாடிக் கேட்டவுடனே தரமாட்டார்கள். டாக்டர் ஊசி குத்தி அனுப்பவும்மாட்டார். உயிருக்கு ஆபத்தில்லாத அவசரத்துக்கு 111, உயிர் போகிற நேரத்துக்கு 999. கொரோனா என்று தெரிந்தால் பெரியவர்கள் 5 நாள் வீட்டில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள், முதியவர்களையும் பலவீனமானவர்களையும் 10 நாள் பார்க்காமல் இருப்பது நல்லது. பரிசோதனைக் கிட் இப்போது பெரும்பாலோருக்குக் காசுக்குத்தான். வேலைக்கு ஏழு நாள் வரை டாக்டர் சீட்டு வேண்டாம், நீங்களே எழுதிக் கொடுக்கலாம். தெரியாத மேலாளர்கள் கேட்பார்கள்.

பாராசிட்டமால் கணக்கில் கவனம். இங்கே மாத்திரை 500 மில்லிகிராம். பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு ஒன்றோ இரண்டோ, நான்கு மணி நேரமாவது இடைவெளி விட்டு, 24 மணி நேரத்தில் எட்டுக்கு மேல் கூடாது. எட்டு என்பது 4,000 மில்லிகிராம். பெட்டியில் கொண்டுவந்த டோலோ ஒவ்வொன்றும் 650. அதே 'எட்டு' கணக்கில் போட்டால் 5,200. கூடவே சளிக்கென்று சுடுதண்ணீரில் கலக்கும் பொட்டலம் வாங்குவீர்கள், அதிலும் பெரும்பாலும் பாராசிட்டமால்தான். ஈரல் கெடும். அட்டையைப் படித்துக் கூட்டிப் பாருங்கள். உடல் எடை 50 கிலோவுக்குக் குறைவாக இருந்தால் அளவை மருந்துக்கடையில் கேட்டுக்கொள்ளுங்கள்.

விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்சிமீட்டர் இருந்தால் 95-ம் அதற்கு மேலும் சரி. 93, 94 என்றால் 111-க்குப் பேசுங்கள். 92-ம் அதற்குக் கீழும் ஆஸ்பத்திரி. கருத்த தோலில் இந்தக் கருவி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டிவிடும். நம் தோலுக்கு 94 என்று காட்டினால் நிம்மதியாகத் தூங்கப் போகாதீர்கள். மூச்சு வாங்கினால் எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். மருதாணியோ நகச்சாயமோ இல்லாத விரலில், கையைச் சூடாக்கிக்கொண்டு மாட்டுங்கள்.

கொள்ளு ரசம் வையுங்கள், தொண்டைக்கு இதம். கபசுரக் குடிநீர் குடிப்பவர்கள் வேறு மாத்திரை எழுதும் டாக்டரிடம் அதைச் சொல்லிவிடுங்கள். சாம்பிராணி மட்டும் வேண்டாம். கூரையில் இருக்கும் புகை எச்சரிக்கை அலறி, பகிர்ந்த வீட்டில் எல்லோரும் பனியனோடு தெருவில் நிற்க வேண்டிவரும்.

இன்னும் ஊரில் இருப்பவர்களுக்கு ஒன்று. கோவின் சான்றிதழ் இறங்க, ஊசி போட்ட அன்று கொடுத்த எண்ணுக்கு வரும் ஓடிபி வேண்டும். ஒரே எண்ணில் முதலில் நான்கு பேர், 2022 ஜனவரியிலிருந்து ஆறு பேர் பதியலாம் என்று இருந்ததால், வீட்டுக்கே ஒரு போன் என்று கொடுத்தோம். அது யார் போன் என்று இப்போதே கேளுங்கள். மாமா பையன் போனாக இருக்கலாம். உங்கள் எண்ணே என்றால் அதை உயிரோடு வைத்திருங்கள். 90 நாள் பயன்படுத்தாத எண்ணை நிறுவனங்கள் துண்டித்துவிடலாம், பிறகு அது வேறொருவருக்குப் போகும். கிளம்பும் முன் சான்றிதழை இறக்கி, மின்னஞ்சலில் ஒன்று, டிஜிலாக்கரில் ஒன்று, காகிதத்தில் இரண்டு என்று வையுங்கள்.

அதையும் விட்டுவிட்டு வந்தாயிற்று, எண் அப்பாவுடையது என்றால், நேரம் பார்த்துக் கூப்பிடுங்கள். அந்த ஓடிபிக்கு மூன்றே நிமிடம் ஆயுள்.

"அப்பா, ஓடிபி வந்துச்சுங்களா?"

"வாய்க்கால் மேட்டுல இருக்கறேன் கண்ணு. போன் சாளையில கெடக்குது, இது பக்கத்துத் தோட்டத்துக்காரன் போனு."

இங்கே கோடையில் காலை ஏழு என்றால் அங்கே பதினொன்றரை. தண்ணி கட்டி முடித்து அவர் சாளைக்கு வந்திருப்பார்.