வெறுமைக்கு ஒரே ஒரு வழி
முறைசார் இலக்கணம் (நிரல்மொழி போன்றவற்றின் அமைப்பைச் சொல்லும் விதித் தொகுப்பு) எழுதும்போது, ஓர் உறுப்பு வராமலும் போகலாம் என்பதை அதன் சொந்த விதியில் சொல்லாமல், அதைப் பயன்படுத்தும் இடத்தில் மட்டும் குறியுங்கள். ‘பட்டியல்’ என்னும் விதியே எழுத்து எதுவும் இல்லாத வெற்றுச் சரத்தைத் தரக்கூடியதாக இருந்து, அதை அழைக்கும் விதியிலும் ‘பட்டியல்?’ என்று (‘?’ என்றால் வராமலும் போகலாம்) எழுதப்பட்டிருந்தால், உள்ளீட்டில் எதுவும் இல்லாதபோது பட்டியல் இல்லை என்று ஒன்றும், வெற்றுப் பட்டியல் உண்டு என்று இன்னொன்றுமாக இரண்டு பகுப்பு மரங்கள் (உள்ளீட்டை விதிகளின்படி பிரித்துக் காட்டும் அமைப்புகள்) கிடைக்கும்; எதை எடுப்பது என்ற குழப்பம் எழும். ‘அல்லது’ என்று பொருள்படும் ‘|’ பிரிக்கும் மாற்று வழிகளுக்கும் இதே கதிதான்: ‘அ? | ஆ?’ என்பது வெறுமையை இருமுறை தருகிறது. ‘(அ | ஆ)?’ என்பது, அ, ஆ இரண்டும் தாமே வெறுமையாகாத வரையில், ஒருமுறையே தருகிறது.

மாற்று வழிகளின் இரு கிளைகளும் வெறுமையல்லாத ஒரே சரத்தை ஏற்கும்போதும், நிரலில் எந்த ‘இஃப்’புக்கு (if) உரியது என்று தெரியாமல் தொங்கும் ‘எல்ஸ்’ (else) சிக்கலிலும் இந்த வழி உதவாது. முதலில் பொருந்தும் கிளையையே எடுத்துக்கொள்ளும் பெக் (PEG) வகை இலக்கணங்களில் இந்தக் குழப்பம் எழுவதே இல்லை.