ராக் கிராலரை வீட்டிலேயே மேம்படுத்துதல்: முதலில் ஆக்ஸில், பிறகு மோட்டார், கடைசியில் சஸ்பென்ஷன்

உண்மை வண்டியின் பத்தில் ஒரு பங்கு (1:10) அளவுள்ள, பாறைமேல் மெதுவாக ஏறும் ரிமோட் ராக் கிராலரை வாங்கியவர்கள் பெரும்பாலும் முதலில் மாற்ற நினைப்பது மோட்டாரைத்தான். நான் பரிந்துரைக்கும் வரிசை அதற்கு நேர்மாறானது. ஆக்ஸிலில் எவ்வளவு எடை சேர்க்கப் போகிறோம், அதன் கியர் விகிதம் என்ன என்பவை முடிவானால்தான் எந்த மோட்டார் பொருந்தும் என்று சொல்ல முடியும். இவை இரண்டும் முடிவான பிறகுதான் ஸ்பிரிங் எவ்வளவு கடினமாக இருக்க வேண்டும், ஷாக்கில் எந்த ஆயில் ஊற்ற வேண்டும் என்பது தெரியவரும். வரிசையை மாற்றினால் செய்த வேலையையே மறுபடி செய்ய நேரிடும்.

நான் எடுத்துக்கொள்ளும் வண்டி ஆக்ஸியல் நிறுவனம் 2016-இல் வெளியிட்ட எஸ்சிஎக்ஸ்10 இரண்டாம் தலைமுறை. மற்ற வண்டிகளில் பாகங்களின் அளவு மாறினாலும் வேலையின் முறை பெரிதும் மாறாது. ரிமோட்டை இணைப்பது, லைப்போ பேட்டரியைப் பாதுகாப்பாக சார்ஜ் செய்வது ஆகியவை உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொண்டு மேலே செல்கிறேன்.

கருவிகள்

1.5, 2.0, 2.5 மி.மீ. அளவுகளில் கைப்பிடியுள்ள ஆலன் டிரைவர்கள் மூன்று போதும். ஆனால் அவற்றின் முனை கடினமான எஃகாக இருக்க வேண்டும். எல் வடிவ ஆலன் கீயும் மலிவான செட்களும் ஸ்க்ரூவின் தலையை உருட்டிவிடும் என்பதால் அவற்றை நான் தவிர்க்கிறேன். டிஜிட்டல் காலிபர், சமையலறைத் தராசு, 60 வாட் சால்டரிங் அயர்ன், நீல நிற திரெட்லாக் (ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசை) ஆகியவையும் தேவை. திரெட்லாக்கை உலோகத்துக்குள் உலோகம் செல்லும் இடங்களில் மட்டும் இடுங்கள். பிளாஸ்டிக்கில் அது பிடிப்பைத் தராது, சில வகைப் பிளாஸ்டிக்கை விரிசல் விடவும் செய்யும்.

ஆக்ஸில்: எடையை எங்கே சேர்ப்பது

சாலையில் ஓடும் பெரிய வண்டியில் சக்கரத்தோடு சேர்ந்து ஆடும் பாகங்கள் இலேசாக இருப்பது நல்லது. கிராலர் நடைவேகத்துக்கும் குறைவாகச் செல்வதால், அதே எடை இங்கே நமக்கு உதவியாகிறது. ஆக்ஸில் மட்டத்திலேயே எடை இருந்தால் வண்டியின் எடைமையம் கீழே இறங்கும். பக்கவாட்டுச் சரிவில் வண்டி எளிதில் கவிழாது. பித்தளையின் அடர்த்தி அலுமினியத்தைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு. ஆகவே நக்கிள் (முன்சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் பாகம்), ஆக்ஸில் மூடி போன்ற பாகங்களைப் பித்தளையில் வாங்குவதும், லிங்க் (ஆக்ஸிலைச் சேஸியோடு இணைக்கும் கம்பி), ஷாக் கோபுரம் போன்ற மேல்பாகங்களை இலேசாகவே விட்டுவிடுவதும் சரியான முறை. அழகுக்காக மேல்பாகங்களிலும் உலோகத்தைப் பூட்டுவது கிராலருக்குக் கேடு.

செங்குத்தான ஏற்றத்தில் எடை பின்சக்கரங்களுக்குச் சாய்ந்து முன்சக்கரங்கள் பிடிப்பை இழக்கின்றன. எனவே பித்தளையின் பெரும்பகுதி முன் ஆக்ஸிலில் இருக்க வேண்டும். தராசை முன்சக்கரங்களுக்கு அடியிலும், அதே உயரமுள்ள கட்டையைப் பின்சக்கரங்களுக்கு அடியிலும் வைத்து எடை பாருங்கள். பேட்டரியோடும் பாடியோடும் பார்க்க வேண்டும். மொத்த எடையில் 55 முதல் 60 சதவீதம் முன்னால் இருந்தால் எனக்குத் திருப்தி. நக்கிளை மாற்றிய பின் வீலை மாட்டி, ஸ்டியரிங்கை இருபக்கமும் முழுவதும் திருப்பி, பித்தளை ரிம்மின் உட்புறத்தில் உரசுகிறதா என்று கையால் சுழற்றிப் பார்த்துவிடுங்கள்.

ஆக்ஸில்: கியர்களும் ஷிம்களும்

இந்த வேலை முழுவதிலும் அதிகப் பொறுமை வேண்டிய கட்டம் இதுதான். புதியவர்கள் பலர் தடுமாறுவதும் இங்கேதான்.

இந்த வண்டியின் ஏஆர்44 ஆக்ஸிலில் பெரிய வளையமான ரிங் கியருக்கு 30 பல், அதைச் சுழற்றும் சிறிய பினியனுக்கு 8 பல், விகிதம் 3.75. பின் ஆக்ஸிலில் மட்டும் 33 பல்லுக்கு 8 பல் உள்ள செட்டைப் போட்டால் அங்கே விகிதம் 4.125 ஆகிறது. முன்சக்கரம் பின்சக்கரத்தைவிட 10 சதவீதம் வேகமாகச் சுழலும். இதனால் ஏற்றத்தில் முன்பக்கம் வண்டியை இழுத்துச் செல்லும். திருப்பத்தில் வட்டமும் சுருங்கும். சிமெண்ட் தரை போல நல்ல பிடிப்புள்ள இடத்தில் நெடுநேரம் ஓட்டினால் கியர்களுக்கிடையே இறுக்கம் சேரும் என்பது இதன் குறை. கல்லிலும் மண்ணிலும் சக்கரம் அவ்வப்போது வழுக்குவதால் அந்த இறுக்கம் தானாகக் கழிந்துவிடுகிறது.

பழைய கியர்களைக் கழற்றும்போது எந்தப் பக்கத்தில் எத்தனை ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய வளையத் தகடு) இருந்தது என்பதைப் படம் எடுத்து வையுங்கள். புதிய கியருக்கு அதே எண்ணிக்கை பொருந்தும் என்று நம்ப வேண்டாம். 0.1, 0.2 மி.மீ. தடிமனில் ஷிம் வாங்கிக்கொண்டு, கிரீஸ் இல்லாமல் முதலில் பூட்டிப் பாருங்கள். ரிங் கியரை ஒரு கையால் அசையாமல் பிடித்து பினியனை முன்னும் பின்னும் ஆட்டினால் மிகச் சிறிய ஆட்டம் தெரிய வேண்டும். ஒரே இடத்தில் பார்த்து நிறுத்திவிடாமல், ரிங் கியரைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி நான்கு இடங்களிலும் பாருங்கள். எங்காவது ஆட்டமே இல்லாமல் இறுகினால் ஷிம் அதிகம்; ஆட்டம் பெரிதாக இருந்தால் குறைவு.

அதோடு நிறுத்தக் கூடாது. சும்மா சுழலும்போது சரியாகத் தெரிந்த கியர், பாரம் ஏறும்போது விலகி, பல் தாண்டி, “டக்” என்று ஒலிக்கும். இரண்டு வீல்களையும் ஒருவர் இறுகப் பிடிக்க, மற்றவர் டிரைவ் ஷாஃப்டை முறுக்கிப் பார்ப்பதே உண்மையான சோதனை. இதை இரு திசையிலும் செய்ய வேண்டும். இந்தக் கியர்களின் பற்கள் சாய்வாக வெட்டப்பட்டவை. ஒரு திசையில் பினியன் உள்ளே இழுக்கப்படும், எதிர்த்திசையில் வெளியே தள்ளப்படும். முன்னோக்கிச் சரியாக இருந்து ரிவர்ஸில் மட்டும் பல் தாண்டுகிற ஆக்ஸில்களின் சிக்கல், பினியனின் பின்னால் உள்ள பேரிங்கின் ஆட்டத்தில்தான் பெரும்பாலும் இருக்கிறது. அங்கே ஒரு ஷிம் சேர்த்துப் பாருங்கள்.

ஷிம் எதன்மீது அமர்கிறது என்பதும் முக்கியம். பேரிங்குக்கும் ஆக்ஸில் கூட்டுக்கும் இடையே வைக்கும் ஷிம், பேரிங்கின் வெளிவளையத்தை மட்டும் தொட வேண்டும். பேரிங்குக்கும் சுழலும் பாகத்துக்கும் இடையே வைப்பது உள்வளையத்தை மட்டும் தொட வேண்டும். இரண்டையும் சேர்த்துத் தொடும் அகலமான ஷிம்மைப் போட்டால் பேரிங் சுழலாமல் அரைபடும். எவ்வளவு சரிபார்த்தாலும் ஆக்ஸில் இறுக்கமாகவே இருக்கும்.

ஐயம் இருந்தால் ரிங் கியரின் பற்களில் மார்க்கர் பேனாவால் மை பூசி, சற்று பாரத்தோடு சில சுற்று சுழற்றுங்கள். மை தேய்ந்த இடம் பல்லின் நடுப்பகுதியில் இருந்தால் எல்லாம் சரி. ஓரத்தில் மட்டும் தேய்ந்திருந்தால் ரிங் கியரை அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ ஒரு ஷிம் அளவு நகர்த்த வேண்டும். திருப்தியான பிறகே கிரீஸ் தடவி மூடுங்கள்.

முன் ஆக்ஸில் ஷாஃப்டில் டாக்போன் வகை (முனைக் குமிழ் பள்ளத்தில் அமரும் தண்டு) இருந்தால் அதை யுனிவர்சல் மூட்டுள்ளதாக மாற்றிவிடுங்கள். ஸ்டியரிங் கோணம் கூடும். மாற்றியதும் ரிமோட்டில் ஸ்டியரிங் எல்லையைக் குறைத்து, முழுத் திருப்பத்தில் மூட்டு இறுகாத இடத்தில் நிறுத்த மறக்க வேண்டாம்.

போர்ட்டல் ஆக்ஸில் வாங்கலாமா என்ற கேள்வி அடிக்கடி வரும். மெர்சிடீஸ் யூனிமாக் வண்டிகளால் புகழ்பெற்ற அமைப்பு அது: ஒவ்வொரு சக்கரத்தருகிலும் கூடுதலாக ஒரு கியர் செட் இருப்பதால் ஆக்ஸில் குழாய் சக்கர மையத்தைவிட மேலே நிற்கும். டிராக்ஸஸ் டிஆர்எக்ஸ்-4 வண்டியில் அது தொழிற்சாலையிலேயே வருகிறது. தரைக்கும் ஆக்ஸிலுக்கும் உள்ள இடைவெளி கூடுவது உண்மையான பலன்தான். ஆனாலும் தொடக்கக்காரர்கள் இருக்கும் ஆக்ஸிலைச் சரியாகப் பூட்டக் கற்றுக்கொண்ட பிறகு அதற்குச் செல்வதே நல்லது என்பது என் கருத்து.

மோட்டார்

கிராலருக்கு வேண்டியது மெதுவாக, நடுக்கமில்லாமல், விட்டு விட்டு இல்லாமல் சுழலும் மோட்டார். 540 வகை பிரஷ்டு மோட்டாரில் சுற்று எண்ணிக்கை கூடக் கூட வேகம் குறைந்து கட்டுப்பாடு கூடும். இந்த வண்டியோடு வரும் 35 சுற்று மோட்டார் மோசமானதல்ல. 2 செல் பேட்டரியில் அதை வைத்துக்கொண்டே மோட்டார் தண்டிலுள்ள பினியனை 15 பல்லிலிருந்து 12 பல்லுக்கு மாற்றினால் வேகம் ஐந்தில் ஒரு பங்கு குறையும், முறுக்குவிசை அதற்கேற்பக் கூடும். பெரும் செலவு செய்வதற்கு முன் இதைச் செய்து பாருங்கள். பினியன் வாங்கும்போது 32 பிட்ச், 48 பிட்ச் என்ற இரு பல் அளவுகளும் ஒன்றோடொன்று சேராது என்பதால், பினியன் சுழற்றும் பெரிய ஸ்பர் கியர் உங்களுடையது எது என்று பார்த்தபின் வாங்குங்கள். இரு கியருக்கும் நடுவே ஒரு துண்டு காகிதத்தை வைத்து அழுத்தி ஸ்க்ரூவை இறுக்கிவிட்டுக் காகிதத்தைச் சுழற்றி எடுத்தால் இடைவெளி சரியாக அமையும்.

மோட்டாரைப் பூட்டும் இரண்டு எம்3 ஸ்க்ரூக்களின் நீளத்தைக் காலிபரால் அளந்தே போடுங்கள். தேவைக்கு நீளமான ஸ்க்ரூ மோட்டாரின் உள்ளே சென்று கம்பிச் சுற்றில் உரசும். புதிய மோட்டார் முதல் ஓட்டத்திலேயே எரிந்துபோக இது ஒன்றே போதும்.

பணம் செலவிடத் தயாராக இருப்பவர்களுக்கு, மோட்டாரும் ஈ.எஸ்.சி.யும் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுச் சாதனம்) ஒரே கூட்டில் அடங்கிய ஹாபிவிங் ஃப்யூஷனை நான் தயக்கமின்றிச் சொல்வேன். அதன் மெதுவேகக் கட்டுப்பாடு பிரஷ்டு மோட்டாரில் எளிதில் கிடைக்காது, வயர்களும் குறைவு. பிரஷ்டு மோட்டாரோடு தொடர்பவர்களுக்கு ஹாபிவிங் 1080 ஈ.எஸ்.சி. நல்ல துணை. எந்த ஈ.எஸ்.சி. ஆனாலும் இரண்டு அமைப்புகளைச் சரிபாருங்கள்: பேட்டரி வகை லைப்போ என்று இருக்க வேண்டும், இல்லையெனில் செல்லின் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கினாலும் வண்டி நிற்காது, டிராக் பிரேக் முழு அளவில் இருக்க வேண்டும், அப்போதுதான் சரிவில் ரிமோட்டின் விசையை விட்டதும் வண்டி அங்கேயே நிற்கும்.

சஸ்பென்ஷன்

பித்தளை சேர்ந்த வண்டியைத் தரையில் வைத்து, சேஸியை மெல்ல மேலே தூக்குங்கள். டயர் தரையை விட்டுக் கிளம்பும் வரை சேஸி எவ்வளவு உயர்கிறது என்பதே கீழ்நோக்கிய பயணம். ஷாக்கின் மொத்தப் பயணத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை அது இருந்தால், பள்ளம் வரும்போது டயர் கீழே இறங்கிக் கல்லைத் தொட்டுக்கொண்டே இருக்கும். குறைவாக இருந்தால் மென்மையான ஸ்பிரிங் போடுங்கள் அல்லது ஸ்பிரிங்கை இறுக்கும் வளையத்தைத் தளர்த்துங்கள். ஆயிலுக்கு 30 எடையில் (கெட்டித்தன்மையின் அளவு) தொடங்குவது போதும். ஊற்றியபின் பிஸ்டனை மெதுவாக மேலும் கீழும் அசைத்து, குமிழி முழுவதும் அடங்கும் வரை காத்திருந்து மூடியைப் பூட்டுங்கள்.

விசை கொடுக்கும்போது சேஸி ஒரு பக்கமாகச் சாய்வதைப் பலர் ஸ்பிரிங் கோளாறு என்று எண்ணுகிறார்கள். டிரைவ் ஷாஃப்டில் பாயும் முறுக்குவிசையே அதற்குக் காரணம். ஆக்ஸிலுக்குள் கியர் விகிதம் கூடுதலாக இருந்தால், அதே சக்கர விசைக்கு ஷாஃப்டில் பாயும் முறுக்கு குறையும். மேலே சொன்ன 33/8 செட் இங்கேயும் உதவுகிறது. மீதமுள்ள சாய்வுக்கு, தாழ்ந்து போகும் பக்கத்து ஸ்பிரிங்கைச் சற்றே இறுக்கினால் போதும்.

முன்புறம் ஸ்டியரிங் லிங்கும், ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பான்ஹார்ட் கம்பியும் ஒரே நீளத்தில் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். ஸ்டியரிங்கைத் திருப்பும் சர்வோவுக்கு வேறு கொம்பைப் போட்டு இந்த இணை கெட்டால், சஸ்பென்ஷன் அமுங்கும்போதெல்லாம் சக்கரம் தானாகத் திரும்பும். பக்கத்திலிருந்து பார்த்து அல்ல, வண்டியின் நேர் முன்னாலிருந்து பார்த்துச் சரிசெய்யுங்கள்.

பிற்சேர்க்கை

இந்த முறைப்படி செய்த சிலர், பித்தளை சேர்த்த பின் ஸ்டியரிங்கைக் கல்லில் அழுத்தித் திருப்பும்போது வண்டி ஒரு கணம் செயலற்று நின்றுவிட்டு மீண்டும் எழுகிறது என்று கேட்டிருந்தனர். ரிசீவர் பழுதல்ல. எடை கூடியதால் சர்வோ அதிக மின்சாரம் இழுக்கிறது, ஈ.எஸ்.சி.க்குள் இருந்து ரிசீவருக்கும் சர்வோவுக்கும் மின்சாரம் தரும் பி.இ.சி. அதைத் தர முடியாமல் அழுத்தம் சரிந்து ரிசீவர் அணைந்து எழுகிறது. 20 கிலோவுக்கு மேற்பட்ட முறுக்குவிசையுள்ள சர்வோ போட்டவர்கள் தனி பி.இ.சி. ஒன்றைப் பேட்டரியிலிருந்து நேரடியாக இணைத்து, சர்வோ தாங்கும் அழுத்தத்துக்கு, பெரும்பாலும் 6 வோல்ட்டுக்கு, முதலில் அமைத்துக்கொள்ளுங்கள். அதன் வெளியீட்டை ரிசீவரின் பேட்டரித் துளையில் செருகுவதாயிருந்தால், ஈ.எஸ்.சி.யிலிருந்து ரிசீவருக்கு வரும் மூன்று வயர்களில் நடுவிலுள்ள சிவப்பு வயரை மட்டும் பிளக்கிலிருந்து வெளியே எடுத்து, அதன் முனையை டேப்பால் சுற்றிக் கட்டிவிடுங்கள்.