கரி வேகாவிட்டால் கறி கசக்கும்

காட்பாடியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் கோழி சுடும்போதெல்லாம் புகை கண்ணை எரித்தது, கறியிலும் ஒரு கசப்பு ஏறியது. மசாலாவை மாற்றியும் போகவில்லை. கரி மூட்டையைத் தரையில் கொட்டி, துண்டுகளை உடைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் பிடிபட்டது.

தமிழ்நாட்டில் அடுப்புக்கரி பெரும்பாலும் சீமைக்கருவேல மரத்தில் செய்வது. விறகை அடுக்கி, மேலே தழையும் மண்ணும் போட்டு, காற்று அதிகம் புகாமல் மூட்டம் போடுவார்கள். ஈரமும் தாரும் ஆவியாகப் போய், மிஞ்சுவது பெரும்பாலும் கரிமம். மூட்டத்தை அவசரப்பட்டுப் பிரித்தால் தடித்த கட்டையின் நடுப்பகுதி மரமாகவே நின்றுவிடும். என் மூட்டையில் பல துண்டுகளுக்குள் பழுப்பு நிறம். நார்கூட அப்படியே தெரிந்தது. அத்தனை புகையும் அதிலிருந்துதான்.

நன்றாக வெந்த கரியைத் தட்டினால் கணீரென்று ஒலிக்கும், உடைந்த முகம் கறுப்பாகப் பளபளக்கும். மந்தமாக ஒலித்ததையெல்லாம் வெந்நீர் அடுப்புக்கு ஒதுக்கிவிட்டேன். மீதியை வெயிலில் உலர்த்தினேன். கரி காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பற்றவைத்ததும் படபடவென்று தெறிப்பது அதனால்தான். வேலூர் வெயிலுக்குச் சொல்லவா வேண்டும்! மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம், அந்த வாடை கறியில் ஒட்டும். தேங்காய் நாரே போதும். கங்கின் மேல் சாம்பல் பூத்த பிறகே கம்பியை வைக்கிறேன். கசப்பு அடியோடு போய்விட்டது.

கொட்டாங்குச்சிக் கரியும் அருமை, சூடு அதிகம். கரித்தூளை மாவுப்பசையில் பிசைந்து அழுத்திய அச்சுக் கரி சீராக எரியும், ஆனால் சாம்பலை அள்ளி மாளாது.